வேண்டாத அந்த மூணாவது கதை

கடுப்புல எழுதுறேன். பொறுத்துக்கோங்க.

நண்பர் ஒருத்தர். காமிக்ஸ் விஷயத்துல என்னைவிட நிறையப் படிச்சவர் (அதனாலதான் கடுப்பும் ஜாஸ்தி). போன்ல சாவகாசமா சொல்றார்: "2000 ஏடியை எல்லாம் யாருங்க இப்ப வாராவாரம் படிக்கிறாங்க? நல்ல கதையெல்லாம் தனித்தனி தொகுப்பா வந்துடுது. அதை வாங்கிட்டுப் போங்க. வார இதழ்ல பாதி குப்பை."

பாதி குப்பைதான். நான் இல்லைன்னே சொல்லலையே! ஆனா அந்தப் பாதிக்கும் சேர்த்துதான் நான் காசு குடுக்கிறேன், தெரிஞ்சேதான் குடுக்கிறேன். இதைப் போன்ல விளக்க ஆரம்பிச்சேன். அவருக்கு லைன்ல வேற கால் வந்துடுச்சு. உங்களுக்கு வராது. உக்காருங்க.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு சுருக்கம். 2000 ஏடிங்கிறது பிரிட்டன்ல வர்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன், மாயாஜாலக் காமிக்ஸ் வார இதழ். 1977 பிப்ரவரி கடைசியில முதல் இதழ். விலை 8 பென்ஸ். கூடவே சுத்தி விட்டுப் பிடிக்கிற பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு இலவசம் (பேரு ஸ்பேஸ் ஸ்பின்னர். தட்டுதான். ஆனா சயின்ஸ் ஃபிக்‌ஷன் பத்திரிகை குடுத்தா அது ஸ்பேஸ் தட்டு). இன்னிக்கு வரைக்கும் வந்துட்டே இருக்கு. சாதாரணமா 32 பக்கம். அதுக்குள்ள அஞ்சு கதை. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு பக்கம், அப்புறம் 'தொடரும்'.

பேர் வச்சது அதைவிடத் தமாஷ். சயின்ஸ் ஃபிக்‌ஷன் மோகம் சீக்கிரம் அடங்கிடும், பத்திரிகையும் கூடவே போயிடும்னுதான் பதிப்பகத்துல நினைச்சாங்க. 2000 எவ்வளவு தூரத்துல இருக்கு, அதுவரைக்கும் இது எங்க இருக்கப் போகுது! ஆனா பத்திரிகை போகல, 2000-ம் வருஷம்தான் வந்துட்டுப் போயிடுச்சு. 2016 செப்டம்பர்ல 2000-ஆவது இதழும் வந்துடுச்சு. இப்ப அந்தப் பேரைப் பாத்தா பழைய காலண்டர்னு நினைக்கிறாங்க.

இது எங்கேருந்து கிளம்புச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. பேட் மில்ஸ்னு ஒரு எழுத்தாளர். 1976-ல 'ஆக்‌ஷன்'னு ஒரு சிறுவர் வார இதழை ஆரம்பிச்சுவிட்டவர். அதுல ஒரு சுறா ஆளுங்களைக் கடிச்சுக் குதறுறதே ஒரு தொடர். பத்திரிகைகள்லாம் கொதிச்சுப் போய், அந்த அக்டோபர்லயே விற்பனையை நிறுத்தினாங்க. திரும்பி வந்தப்போ பல்லைப் பிடுங்கின மாதிரி வந்து, கொஞ்ச நாள்ல செத்துப் போச்சு. அதே பதிப்பகத்துல கெல்வின் காஸ்னெல்னு ஒருத்தர், சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் வரிசையா வரப்போகுதுன்னு பேப்பர்ல படிச்சுட்டு, நாமளும் ஒண்ணு பண்ணலாமேன்னு யோசனை குடுக்கிறார். வேலை மில்ஸ் கைக்கு வருது.

ஸ்டார் வார்ஸ் பாத்துட்டு ஆரம்பிச்சாங்கன்னு நினைப்பீங்க. இல்ல. அந்தப் படம் வர்றதுக்கு முன்னாடியே இதழ் கடைக்கு வந்துடுச்சு.

இங்கதான் சூட்சுமம். மனுஷனை வெட்டினா ரத்தம், கூப்பாடு. ரோபோவை வெட்டினா? வேற்றுக்கிரகவாசியை வெட்டினா? நூறு வருஷம் கழிச்சு நடக்கிறதா சொல்லிட்டா? ஒருத்தரும் கேக்க மாட்டாங்க! ஆக்‌ஷன்ல பண்ண முடியாததையெல்லாம் எதிர்காலங்கிற திரைக்குப் பின்னாடி வச்சுப் பண்ணினாங்க. முதல் இதழ்லயே 'ஃபிளெஷ்'னு ஒரு தொடர். எதிர்காலத்துல இறைச்சி தீர்ந்து போச்சு. அதனால கவ்பாய்கள் காலத்துல பின்னாடி போய் டைனோசர்களை மேய்ச்சு, அறுத்து, எதிர்காலத்துக்கு அனுப்புறாங்க. டைனோசர்கள் சும்மா இருக்குமா? யார் யாரைத் தின்னாங்கன்னு சொல்லவும் வேணுமா! அதே வருஷம் 'ஷாகோ'ன்னு இன்னொண்ணு. அமெரிக்க உளவுத்துறையோட ரகசியக் கேப்சூல் ஒண்ணை ஒரு பனிக்கரடி முழுங்கிடுது. மொத்த உளவுத்துறையும் கரடியைத் தேடுது. கரடி பேசாது, திருந்தாது. சாப்பிடும். அவ்வளவுதான் தொடர்.

இதெல்லாம் இலக்கியமான்னு கேட்டா நான் வேற பக்கம் பாத்துக்குவேன்.

எனக்கு இது முதல்ல கைக்கு வந்தது சென்னையில ஒரு பழைய புத்தகக் கடையில. நூல் கட்டின கட்டு. அட்டை போன இதழ்கள். பிரிச்சா எல்லாக் கதையும் நடுவுல நிக்குது. ஒண்ணு ஏழாம் பாகம், ஒண்ணு பத்தாம் பாகம், ஒண்ணு "இரண்டாம் புத்தகம், மூன்றாம் பாகம்". யார் நல்லவன், யார் கெட்டவன், இந்தக் கொம்பு வச்சவன் யாரு, எதுக்கு எல்லாரும் அவனைக் கும்பிடுறாங்க... ஒண்ணும் விளங்கல.

சரி, இதழோட நட்சத்திரம் ஜட்ஜ் ட்ரெட்டை மட்டும் படிப்போம்னு ஆரம்பிச்சேன். மிச்சத்தைத் தாண்டிடுவேன். அஞ்சு நிமிஷத்துல இதழ் முடிஞ்சுது. இதுக்கா இவ்வளவு காசு!

அடுத்த வித்தை. சேத்து வச்சு, ஒரு தொடரை மட்டும் வரிசையாப் பிடிச்சு ஒரே மூச்சுல படிக்கிறது. நம்ம வீட்டுல பெரியவங்க வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதையைக் கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணி வச்சிருப்பாங்களே, அந்தப் பாரம்பரியம். ஆனா காமிக்ஸ்ல இது வேற மாதிரி வேலை செஞ்சுது. ஒவ்வொரு ஆறாவது பக்கமும் யாராவது மேலேருந்து விழுறாங்க, இல்ல கதவைத் திறந்து அலறுறாங்க. ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படிச்சா பகீர்னு இருக்கிற இடம், அடுத்தடுத்துப் படிச்சா விக்கல் மாதிரி ஆயிடுது.

கடைசியில எனக்கு ஒத்து வந்தது ரொம்பச் சாதாரணமான வழி. இதழை முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும், போட்ட வரிசையிலயே படிக்கிறது. பிடிக்காததையும் தாண்டாம. அடுத்த இதழை அடுத்த வாரம் எடுக்கிறது. அவ்வளவுதான்.

தூர்தர்ஷன் காலத்து ஆளா நீங்க? வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஞாபகம் இருக்கா? நமக்கு வேண்டிய பாட்டு எப்ப வரும்னு தெரியாது. வருமான்னே தெரியாது. அதுக்காக உக்காந்தப்போ நாம கேக்கவே கேக்காத ஒரு கறுப்பு வெள்ளைப் பாட்டு வரும், எழுந்து போகவும் முடியாது. இருபது வருஷம் கழிச்சுப் பாத்தா மனசுல நிக்கிறது அந்தக் கறுப்பு வெள்ளைப் பாட்டா இருக்கும். பல கதை சேந்த வார இதழ் வேலை செய்யறதும் அப்படித்தான்.

எனக்கு அப்படி வந்து மாட்டினது ஹேலோ ஜோன்ஸ்.

1984-ல ஆரம்பிச்ச தொடர். எழுதினது ஆலன் மூர், படம் இயன் கிப்சன். கதாநாயகிக்கு எந்தச் சக்தியும் இல்ல, துப்பாக்கி இல்ல, வேலையும் இல்ல. வேலையில்லாதவங்களைக் கொண்டுபோய்க் கொட்டி வச்சிருக்கிற மிதக்கும் குடியிருப்பு ஒண்ணு, கடல்மேல. அங்க இருக்கிற ஒரு பொண்ணு. முதல் புத்தகத்துல பெரிய சாகசம் என்னன்னா, கடைக்குப் போய் சாமான் வாங்கிட்டு உசுரோட திரும்பி வர்றது! டைனோசரும் ரோபோவும் கேட்டு வந்த பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் காலத்து வாசகர்கள் நிறையப் பேருக்கு அது பிடிபடவே இல்லைன்னு படிச்சிருக்கேன். எனக்கும் முதல் ரெண்டு வாரம் எரிச்சல்தான். அவங்க பேசுற கொச்சை வேற புரியாது. ஆனா ட்ரெட்டுக்குப் பக்கத்துல அது உக்காந்திருந்துச்சு, நானும் தாண்டக் கூடாதுன்னு வைராக்கியத்துல இருந்தேன். மூணாவது புத்தகத்துல அவ ராணுவத்துல சேந்து போருக்குப் போறா. அங்க வரும்போது ட்ரெட்டைக் கடைசியாப் படிக்க ஒதுக்கி வச்சுட்டு இதை முதல்ல படிச்சேன்.

(வரிசையை மாத்தினது நியாயமில்லதான். ஆனா விதி போட்டது நான்தானே.)

ஒன்பது புத்தகமா எழுதத் திட்டம். மூணோட நின்னு போச்சு. உரிமைத் தகராறு. எழுதினவங்க, வரைஞ்சவங்க யாருக்கும் பாத்திரத்து மேல உரிமை கிடையாது, எல்லாம் கம்பெனிக்கே. மூர் கிளம்பிட்டார். கிப்சனும் 2023-ல போய்ச் சேந்துட்டார். இனி நாலாவது புத்தகம் இல்ல. எனக்கு இதுல ஆறவே ஆறாது.

உரிமைன்னதும் இன்னொண்ணு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸ்ல யார் எழுதினது, யார் வரைஞ்சதுன்னே போட மாட்டாங்க. பசங்க கடிதம் எழுதினாக்கூட ஆசிரியர் பேருக்குத்தான் வரும். அலுவலகத்துல வேலை பாத்த கெவின் ஓ'நீல், முதல் வருஷத்துலயே ஒரு சின்னக் கட்டம் வரைஞ்சு அதுக்குள்ள எழுதினவர், வரைஞ்சவர், எழுத்துப் பதிச்சவர் பேரைப் போட ஆரம்பிச்சார். அதுக்கப்புறம்தான் பசங்களுக்கு, 'ஓ, எனக்குப் பிடிச்ச படத்தையெல்லாம் பிரையன் போலண்ட்னு ஒருத்தர் வரையறார்'னு தெரிய வருது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் சேத்துத் தெரிஞ்சுது! போலண்ட், மூர், டேவ் கிப்பன்ஸ், கிராண்ட் மாரிசன்னு வரிசையா அள்ளிட்டுப் போயிட்டாங்க. மூரும் கிப்பன்ஸும் சேந்து பண்ணின வாட்ச்மென் 1986-ல வருது. அதுக்கு முன்னாடி இந்த எட்டணாத் தாள்லதான் ரெண்டு பேரும் நாலு நாலு பக்கமாக் கை பழகினாங்க.

அந்த நாலு பக்கக் கதைகளுக்கு 'ஃப்யூச்சர் ஷாக்ஸ்'னு பேரு. புதுசா எழுத வர்றவங்களுக்கு இதுதான் வாசல். நாலஞ்சு பக்கம், ஒரு யோசனை, கடைசியில ஒரு திருப்பம். பத்துல ஏழு சுமாரா இருக்கும், ரெண்டுல திருப்பம் ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சுடும். மிச்சம் ஒண்ணுக்காகக் காத்திருக்கணும். 1983-ல மூர் எழுதின 'தி ரிவர்சிபிள் மேன்' (இதோட சகோதர வரிசையான 'டைம் ட்விஸ்டர்ஸ்'ல வந்தது) அந்த மிச்சம் ஒண்ணு. ஒருத்தனோட வாழ்க்கை பின்பக்கமா ஓடுது. சாவுல ஆரம்பிக்குது, பிறப்புல முடியுது. இவ்வளவுதான் யோசனை, யாருக்கும் தோணும். ஆனா பின்பக்கமா ஓடுறப்போ பொண்டாட்டியைக் கடைசியாப் பாக்கிற நாள் எது? முதல் முதலாப் பாத்த நாள். அதோட அவ யாரோ, இவன் யாரோ. நாலு பக்கத்துல இது. நீளமா எழுதியிருந்தா கெட்டுப் போயிருக்கும்.

இந்த இடத்துல நண்பர், "அதான் மூர் எழுதினதெல்லாம் தனித் தொகுப்பா வந்துடுச்சே"ம்பார். வந்துடுச்சு. அதுல நல்லதை மட்டும் யாரோ பொறுக்கி வச்சுட்டாங்க. ஏழு சுமாரைத் தாண்டி நானா வந்து முட்டிக்கிற அதிர்ச்சி அதுல எங்க இருக்கு?

சரி, ட்ரெட்.

இந்தப் பத்திரிகையோட முகம் ஜட்ஜ் ட்ரெட்தான் (முகம்னு சொல்றது தப்பு, ஹெல்மெட்டைக் கழட்டவே மாட்டார்). ரெண்டாவது இதழ்ல அறிமுகம். ஜான் வாக்னரோட படைப்பு, கார்லோஸ் எஸ்கேராவோட வடிவம். எஸ்கேரா ஸ்பெயின்காரர், ஃபிராங்கோவோட சர்வாதிகாரத்துல வளந்தவர். ட்ரெட் தோள்ல இருக்கிற அந்தக் கழுகு சும்மா அழகுக்கு உக்காரல. ஆனா அச்சுல வந்த முதல் கதையை வரைஞ்சது அவர் இல்ல, மைக் மெக்மேன்னு ஒரு சின்னப் பையன். எஸ்கேராவுக்குக் கோபம் வந்துச்சுன்னா ஆச்சரியமில்லையே.

போலீஸ், நீதிபதி, தண்டனை குடுக்கிறவன் மூணும் ஒரே ஆள். பிடிச்ச இடத்துலயே தீர்ப்பு. அவர் இருக்கிற நகரத்தை ஆளுறதே இவர் மாதிரி ஜட்ஜ்கள்தான். நகரம் முழுக்க வேலையில்லாத ஜனம். சர்க்கரை வச்சிருந்தா குற்றம் (நான் காபிக்குப் போடுற அளவுக்கு ஆயுள் தண்டனை வரும்). இவரைக் கதாநாயகன்னு நினைச்சுப் படிக்க ஆரம்பிச்சு, எத்தனாவது வாரத்துலன்னு தெரியாது, 'இரு இரு, இவன்தானே இங்க பிரச்சினையே'ன்னு நமக்கே உறைக்கும். அதை வாக்னர் பிரசங்கம் பண்ண மாட்டார். 1982-ல 25 பாகமா ஒரு போர் வருது. நகரத்துல பாதிப் பேர் சாகுறாங்க, நாற்பது கோடி. பதிலுக்கு ட்ரெட் எதிரி நகரத்தையே அணுகுண்டு போட்டு அழிச்சுடுறார், ஐம்பது கோடிப் பேரோட. பத்து வயசுப் பையன் பள்ளிக்கூடம் போற வழியில வாங்கின பத்திரிகையில! 1991-ல ஜட்ஜ்கள் ஆட்சி வேணுமா வேண்டாமான்னு நகரத்துல வாக்கெடுப்பு. மூணுல ரெண்டு பங்குப் பேர் வீட்டுலயே இருந்துடுறாங்க, போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஜட்ஜ்களே இருக்கட்டும்னு போட்டுடுறாங்க. இதைவிட உண்மையான தேர்தல் கதை நான் படிச்சதில்ல.

ட்ரெட்டுக்கு வயசாகும். இங்க ஒரு வருஷம் போனா அங்கயும் ஒரு வருஷம். 1977-ல நடு வயசுல மொறைச்சுட்டு நின்ன மனுஷன் இப்ப கிழவர். முதல் இதழ்லேருந்து படிக்கிறவங்க கூடவே கிழவர் ஆயிட்டார். அம்பது வருஷமா காலேஜ் தாண்டாத நம்ம ஹீரோக்களை நினைச்சுக்கிட்டேன். சொல்ல வேண்டாம்.

(படங்கள் பத்தி ஒரே வரி. 1995-ல ஸ்டாலோன் ஹெல்மெட்டைக் கழட்டினார், 2012-ல கார்ல் அர்பன் கழட்டல. எது நல்ல படம்னு இதுலேருந்தே தெரிஞ்சுக்கலாம்.)

தார்க் பத்திச் சொல்லாம விட்டா பாவம். இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் மனுஷன் கிடையாது. தார்க், பச்சை நிற வேற்றுக்கிரகவாசி. தலையங்கம், கடிதத்துக்குப் பதில் எல்லாம் அவர் பேர்லதான். எழுதுறவங்க, வரையறவங்க எல்லாம் அவர்கிட்ட அடிமை வேலை பாக்கிற ரோபோக்களாம் (சம்பளத்தைக் கேட்டா இது ஜோக் இல்லைன்னு அவங்களே சொல்லுவாங்க). கடிதம் பிரசுரமானா பரிசு, விண்மீன் நாணயத்துல. தொண்ணூறுகள்ல ஒரு தடவை தார்க்கைத் தூக்கிட்டு, கறுப்புக் கோட்டு ஆசாமிகளை வச்சுப் பாத்தாங்க. வாசகர்களுக்குப் பிடிக்கல, தார்க் திரும்பி வந்துட்டார். ஆசிரியர் குழு எத்தனை மாறினாலும் பச்சை மண்டை மாறாது. சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனா யாரோ ஒரு கிறுக்கன் உக்காந்து இந்த வாரம் எனக்கு இந்த அஞ்சையும் போடணும்னு முடிவு பண்ணியிருக்கான்கிற நினைப்பு இருக்கே, அது எனக்கு வேண்டியிருக்கு. 'நீங்க இதைப் படிச்சதால இதுவும் பிடிக்கலாம்'னு போன் சொல்றப்போ அந்த நினைப்பு வர மாட்டேங்குது. போன் எனக்குப் பனிக்கரடியைக் காட்டவே காட்டாது.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு. இரும்புக்கை மாயாவி!

1972-ல முத்து காமிக்ஸோட முதல் இதழா வந்து நம்மள்ல பல பேருக்குக் காமிக்ஸ் பைத்தியம் பிடிக்க வச்ச ஆள். அவர் பிறந்தது 1962-ல, 'வேலியண்ட்'ங்கிற பிரிட்டிஷ் வார இதழ்ல. அதுவும் பல கதைகள் சேந்த இதழ்தான். அங்க அவர் வந்தது வாரத்துக்கு ரெண்டு பக்கம் மாதிரி. நாம முழுப் புத்தகமா படிச்சோம். மாயாவி ஏன் அடிக்கடி ஆபத்துல மாட்டிக்கிட்டே இருந்தார்னு இப்பப் புரியுதா? ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் முடிஞ்சிருக்கு! 2000-ல ரெபெல்லியன்னு ஒரு வீடியோ கேம் கம்பெனி 2000 ஏடியை வாங்கினாங்க. 2016-லயும் 2018-லயும் அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தையும் வாங்கிட்டாங்க. ஆக, நம்ம மாயாவியும் ட்ரெட்டும் இன்னிக்கு ஒரே முதலாளி வீட்டுல. மாயாவியை ட்ரெட் கைது பண்ணுவாரா? பண்ணுவார். மின்சாரத்தைத் தொட்டு மறையறவர் ஆச்சே, மின்சாரத் திருட்டு கேஸ்.

இந்த வார இதழையும் படிச்சாச்சு. மூணாவது கதை எனக்குச் சுத்தமா ஒத்து வரல. சூனியக்காரிங்க, மழை, எல்லாரும் முணுமுணுன்னு பேசுறாங்க. தாண்டல, படிச்சேன்.

ஆரம்பிச்சுப் பாக்கணும்னு யாருக்காவது தோணினா: வருஷத்துல சில இதழ்கள்ல எல்லாக் கதையும் புதுசா முதல் பாகத்துலேருந்து ஆரம்பிக்கும், அதைப் பாத்துப் பிடிங்க. டிஜிட்டலாவும் விக்கிறாங்க, தபால் செலவு மிச்சம். முதல்ல கொஞ்ச நாள் யார் யாருன்னே குழம்பும், விடுங்க. ஒரு கதை முடியறப்போ 'அய்யய்யோ, முடிஞ்சுடுச்சே'ன்னு தோணினா தொடர்ந்து வாங்குங்க. தோணவே இல்லைன்னா நண்பர் சொன்ன மாதிரி தொகுப்புப் பக்கமே போயிடுங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா அங்கயும் ட்ரெட்ல ஆரம்பிக்காதீங்க. ஹேலோ ஜோன்ஸ் எடுங்க. முதல் முப்பது பக்கம் எரிச்சலா இருக்கும், சொல்லிட்டேன்.